டாக்டர் ஹூவை ஒரு ராத்திரிக் கணக்கில் முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பத்திரிகையில் பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான 'டாக்டர் ஹூ'வைப் பற்றி வந்த சின்னச் செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். 20 லட்சம் பேர்தான் பார்த்தார்கள், மக்கள் கைகழுவிவிட்டார்கள், இனி அவ்வளவுதான் என்ற தொனியில் 60 வருடத் தொடருக்கு எட்டே வரியில் முடிவு கட்டியிருந்தது. அந்த 20 லட்சம் எந்தக் கணக்கு என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

நான் லண்டனில் 20 வருடத்துக்கும் மேலாக இருக்கிறேன். 2005 மார்ச்சில் தொடர் மறுபடி தொடங்கிய நாளிலிருந்து ஒரு வாரம்கூட விட்டதில்லை, அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

இங்கே பார்வையாளர் கணக்கை எடுப்பது பார்ப் என்ற அமைப்பு. நாட்டில் எல்லா வீட்டையும் எண்ண முடியாது, அதனால் மக்கள்தொகைக்கு ஏற்ற மாதிரி சில ஆயிரம் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, டிவியோடு ஒரு கருவியைப் பொருத்திவிடுவார்கள். வீட்டில் யார் யார் உட்கார்ந்து பார்க்கிறார்களோ அவரவருக்கு ஒரு பொத்தான், அதை அழுத்த வேண்டும். ஒளிபரப்பான மறுநாள் காலை வரும் எண்ணை ஓவர்நைட் என்பார்கள். அன்று ராத்திரிக்குள் பார்த்தவர்கள் மட்டும்தான் அதில் இருப்பார்கள். ஒரு வாரத்துக்குள் பார்த்தவர்களையும் சேர்த்து அப்புறம் இன்னொரு எண் வரும், அதற்குப் பிறகு 28 நாள் கணக்கு என்று ஒன்றும் உண்டு. 2024 மே மாதம், டாக்டராக (காலத்தில் பயணம் செய்யும் கதாநாயகர், அவ்வப்போது முகம் மாறி வேறு நடிகராக வருவார்) நடித்த ஷூட்டி காட்வாவின் முதல் முழு சீசன் தொடங்கியபோது ஓவர்நைட் 26 லட்சம், ஒரு வாரக் கணக்கில் அதே பகுதி சுமார் 40 லட்சம். நடுவில் இருக்கும் 14 லட்சம் பேர் எங்கிருந்தோ திடீரென்று முளைத்து வரவில்லை, அவர்களுக்குத் தோதான நேரத்தில் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆனால் பத்திரிகைகளில் தலைப்பாவது பெரும்பாலும் அந்த முதல் எண்தான்.

என் வீட்டையே சொல்கிறேன். 2025 சீசனில் ஒவ்வொரு பகுதியும் சனிக்கிழமை காலை 8 மணிக்கே பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் வந்துவிடும், பிபிசி ஒன்னில் சாயங்காலம்தான். மகள் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறாள், காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே பார்த்துவிட்டு, "அம்மா, சாயங்காலம் வரை எதையும் படிக்காதே" என்று செய்தி அனுப்பிவிடுவாள். நான் பழைய பழக்கத்தில் சாயங்காலம் டிவி முன்னால் உட்காருவேன். மகனுக்கு ஷிப்டு வேலை, அவன் செவ்வாயோ புதனோ பார்ப்பான். ஒரே கதையை ஒரே வாரத்தில் மூன்று பேர் மூன்று நேரத்தில் பார்க்கிற, ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஃபோனில் அதைப் பற்றிச் சண்டை போடுகிற குடும்பம் இது. மகனுக்கு மட்டும் கதையின் முடிவைச் சொல்லாமல் சண்டை போடுவோம். எங்கள் மாதிரி ஒரு வீட்டில் பார்ப் கருவி இருந்தாலும், ஞாயிறு காலை வரும் எண்ணில் மகன் இருக்க மாட்டான்.

சரி, எண்ணிக்கை குறையவே இல்லையா என்றால், குறைந்திருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. 2018ல் ஜோடி விட்டேக்கர் முதல் பெண் டாக்டராக வந்த முதல் பகுதியை ஒரு வாரக் கணக்கில் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் பேர் பார்த்தார்கள். இப்போது அதில் பாதிகூட இல்லை. எல்லாச் சேனலிலும் எல்லாத் தொடருக்கும் கூட்டம் கலைந்திருக்கிறது என்பது ஒரு காரணம், சீசனுக்கு எட்டே பகுதி என்று சுருக்கியது என் கணக்கில் இன்னொரு காரணம். எட்டு வாரத்தில் புது டாக்டரோடும் அவர் கூட வருகிறவர்களோடும் பழகுவதற்குள் சீசனே முடிந்துவிடுகிறது. 2025 மே கடைசியில் காட்வா போன விதம் எனக்கும் ஆறவில்லை, இரண்டு சீசன் மட்டும் இருந்துவிட்டு கடைசி நிமிடத்தில் அவர் முகம் மறைந்து நடிகை பில்லி பைப்பரின் முகம் வந்து நின்றபோது டிவியை அணைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குறை சொல்ல நிறைய இருக்கிறது. குறையைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஒரு எண்ணை மட்டும் போட்டுவிட்டு மக்கள் வெறுத்துவிட்டார்கள் என்று எழுதுவதுதான் வலிக்கிறது, ஏனென்றால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வேறு, பார்த்தவர்களுக்குப் பிடித்ததா என்பது வேறு.

இரண்டாவதை அளக்கவும் இங்கே ஒரு முறை உண்டு. பார்த்தவர்களிடம் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டு, சராசரி எடுத்து நூற்றுக்கு மாற்றுவார்கள், ஏஐ ஸ்கோர் என்று பெயர் (அப்ரீசியேஷன் இன்டெக்ஸ் என்பதன் சுருக்கம், செயற்கை நுண்ணறிவு இல்லை, இது அதற்கு ரொம்பப் பழசு). 2005ல் தொடர் திரும்பி வந்த முதல் பகுதியை 1 கோடியே 8 லட்சம் பேர் பார்த்தார்கள், அதற்குக் கிடைத்த ஸ்கோர் 76. 2008 சீசனின் கடைசி இரண்டு பகுதிகளுக்கும் 91 கிடைத்தது. எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த இரண்டுமே முதல் பகுதியைவிடக் குறைவு. கூட்டம் ஒரு பக்கம் போகும், பிரியம் இன்னொரு பக்கம் போகும்.

இதற்கு 'பிளிங்க்' என்ற கதையைத்தான் எப்போதும் சொல்வேன். 2007 ஜூன் மாதம், சாயங்காலம் ஆகியும் வெளியே நல்ல வெளிச்சம், ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு நாலு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தோம். மகளுக்கு அப்போது 7 வயது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் வரை கல்லாக நிற்கும், கண்ணைச் சிமிட்டினால் பக்கத்தில் வந்துவிடும் சிலைகள்தான் கதை. டாக்டரே அதில் கொஞ்ச நேரம்தான் வருவார். பாதியில் திரும்பிப் பார்த்தால் மகள் இரண்டு கை விரலாலும் தன் இமைகளைப் பிடித்து விரித்துக்கொண்டிருக்கிறாள், கண்ணில் தண்ணீர் வழிகிறது, சிமிட்ட மாட்டேன் என்கிறாள். அடுத்த ஒரு மாதம் பூங்காவில் இருந்த கல்சிலையைக் கடக்கும்போதெல்லாம் அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து போவாள், நான் அவள் தோளைப் பிடித்து வழிகாட்ட வேண்டும். அன்று அந்தக் கதையைப் பார்த்தவர்கள் சுமார் 66 லட்சம். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியைப் பார்த்தவர்கள் 1 கோடியே 33 லட்சம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் 2009லும் 2014லும் டாக்டர் ஹூ இதழ் வாசகர்களிடம் எல்லாக் கதைகளையும் வைத்து வாக்கெடுப்பு நடத்தியபோது இரண்டு முறையும் இரண்டாம் இடம் 'பிளிங்க்' கதைக்கு. எங்கள் வீட்டில் அந்தக் கிறிஸ்துமஸ் பகுதியை யாரும் திரும்பப் போட்டுப் பார்த்ததில்லை.

பழைய கணக்குகளும் இதையேதான் சொல்கின்றன. 1963 நவம்பர் 23, கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள், முதல் பகுதியை 44 லட்சம் பேர்தான் பார்த்தார்கள், மக்கள் கவனம் வேறெங்கோ இருந்ததால் அடுத்த வாரம் அதையே மறுபடி போட்டார்கள். அந்த எண்ணை வைத்து முடிவெடுத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். டிசம்பரில் டாலெக்குகள் என்ற எதிரிகள் கதையில் வந்தன, அடுத்த சில வாரங்களில் பார்வையாளர்கள் 1 கோடியைத் தாண்டினார்கள். இந்தத் தொடர் இதுவரை தொட்ட உச்சம் 1979 அக்டோபரில் வந்த 'சிட்டி ஆஃப் டெத்' கதையின் கடைசிப் பகுதி, 1 கோடியே 61 லட்சம் பேர். அப்போது போட்டிச் சேனலான ஐடிவியில் வேலைநிறுத்தம், எதிரே பார்க்க ஒன்றுமில்லை. அருமையான கதைதான், ஆனால் அந்த எண்ணில் வேலைநிறுத்தத்துக்கும் பங்கு உண்டு.

அதற்கு நேர்மாறாகவும் நடந்தது. 1985ல் பிபிசி ஒன் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட் தொடரை 18 மாதம் நிறுத்திவைத்தார். சும்மா விட்டால் ஆட்கள் காத்திருப்பார்களா? திரும்பி வந்தபோது எண்ணிக்கை 50 லட்சத்துக்குக் கீழே போய்விட்டது. அப்புறம் வார நாளில், எதிரே ஐடிவியில் காரனேஷன் ஸ்ட்ரீட் தொடர் ஓடுகிற நேரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நாட்டிலேயே அதிகம் பேர் பார்க்கும் தொடர்களில் ஒன்றுக்கு எதிரே. 1989ல் ஒரு கதை 31 லட்சத்தில் தொடங்கியது, அந்த வருட டிசம்பரோடு தொடர் நின்றது, பார்க்க ஆளில்லை என்று காரணமும் சொல்லியாகிவிட்டது. 1996ல் அமெரிக்காவோடு சேர்ந்து எடுத்த டிவி படத்தை இங்கே 90 லட்சத்துக்கு மேல் பார்த்தார்கள், ஆனால் அங்கே எடுபடவில்லை, அதனால் அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. 2025 அக்டோபரில், பிபிசியோடு சேர்ந்து இந்தத் தொடரைத் தயாரித்த டிஸ்னி இனி கூட்டு இல்லை என்று அறிவிப்பு வந்ததும் எனக்கு 1996தான் ஞாபகம் வந்தது. இந்த முறை ஒரு நல்ல வித்தியாசம், தொடரை நாங்களே தொடர்வோம், 2026 கிறிஸ்துமஸுக்கு, 2005ல் தொடரை மீட்டுக் கொண்டுவந்த ரசல் டி டேவிஸ் எழுதும் சிறப்புப் பகுதி வரும் என்று அதே அறிவிப்பில் பிபிசி சொன்னது. உங்கள் செய்தியில் இந்த வரி இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மகளும் மகனும் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேரும் அதே சோபாவில் ஒன்றாகப் பார்ப்போம். மறுநாள் காலையிலேயே ஏதோ ஒரு எண் வந்துவிடும், அது உங்கள் மேசைக்கும் வரும். அதைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ராத்திரிக் கணக்கு என்று பக்கத்தில் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள், ஒரு வாரக் கணக்கு வரும்போது அதற்கும் அதே அளவு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஹாரோ, லண்டன்.