ரீகால் வந்த பிக்கப்பில் படகு டிரெய்லரை மாட்டலாமா?

கடலூர் துறைமுகப் பகுதி பிக்கப் உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும், மீனவ கிராம நாட்டார்களுக்கும் (ஊர்த் தலைவர்களுக்கும்) ஒரு திறந்த மடல்

வணக்கம்.

முதுநகரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. படித்துக்கொண்டு வரும்போதே யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு தம்பி தன் பிக்கப்புக்குப் பின்னால் இழுவைக் கொக்கி மாட்டித் தரச் சொல்லி வந்தார். ஃபைபர் படகை டிரெய்லரில் ஏற்றிப் புதுச்சேரிப் பக்கம் வேலைக்குக் கொண்டுபோக வேண்டுமாம். பேச்சுவாக்கில், வண்டிக்கு ரீகால் மெசேஜ் வந்திருக்கிறது, பிரேக் பைப்பாம், இன்னும் ஷோரூம் பக்கம் போகவில்லை என்றார். கொக்கி மாட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். அப்புறம் சோனங்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் என்னைப் பற்றி என்னென்னவோ பேச்சு. "படகு கரையிலே கெடக்குது, புயல் வந்தா என்ன பண்றது, இவர் சட்டம் பேசுறார்" என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். அவருக்குச் சொல்ல நினைத்த பதிலைத்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ரீகால். கம்பெனி வண்டியைப் பிடுங்கிக்கொள்ளும் என்று சிலர் பயப்படுகிறீர்கள். சும்மா விளம்பர மெசேஜ் என்று சிலர் அழித்துவிடுகிறீர்கள். இரண்டுமே இல்லை. தயாரிப்பிலேயே ஒரு பாகத்தில் கோளாறு இருக்கலாம் என்று தெரிந்து, இலவசமாகப் பார்த்து மாற்றித் தரக் கூப்பிடுவது அது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கோளாறு ஆபத்தானது என்றால் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகும். கம்பெனி தானாகவே முன்வந்து அழைத்தால் அபராதம் கிடையாது, அதனால் பெரும்பாலும் அவர்களே அழைத்துவிடுகிறார்கள். ஆனால் மெசேஜில் 'ரீகால்' என்ற வார்த்தையைப் போட மனசு வராது. 'சர்வீஸ் கேம்பெயின்', 'முன்னெச்சரிக்கை ஆய்வு' என்று பூசி மெழுகி எழுதுவார்கள். ஏமாந்துவிடாதீர்கள்.

ரீகால் எல்லாம் ஒரே ரகமும் இல்லை. 2022இல் மாருதி தன் சூப்பர் கேரி மினி டிரக்கில் 5,002 வண்டிகளைக் கூப்பிட்டது. ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் பெல்ட் பக்கிளைப் பிடிக்கும் போல்ட் சரியாக முறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க. 2021இல் மஹிந்திரா 29,878 பிக்கப்புகளைக் கூப்பிட்டது. திரவம் போகும் குழாய் ஒன்று ஒழுங்காகப் பொருத்தப்படாமல் இருக்கலாம் என்ற சந்தேகம். முதல் ரக ரீகால் உள்ள வண்டி டிரெய்லர் இழுப்பதைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. பக்கத்து சீட்டில் ஆளை உட்கார வைக்காமல் போய், வந்ததும் ஷோரூமில் விட்டால் போதும். குழாய் என்றால் எந்தக் குழாய், அதில் என்ன ஓடுகிறது, அது விட்டுப்போனால் எது வேலை செய்யாது என்று தெரிந்துகொள்ளாமல் நான் கொக்கியைத் தொட மாட்டேன்.

"வண்டி நல்லாத்தானே ஓடுது" என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கெட்டிருக்கும் பாகம் எது, டிரெய்லரை மாட்டினால் அந்தப் பாகத்தின் மேல் சுமை ஏறுமா என்பதைப் பாருங்கள். பிரேக், ஸ்டீயரிங், ஆக்ஸில், வீல், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், டீசல் லைன் இதில் எதுவாக இருந்தாலும் இழுவை வேண்டாம். வேலை முடிந்து ஜாப் கார்டில் எழுதி வாங்கும்வரை வேண்டாம்.

அந்தத் தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணே, லோடு ஏத்துற தொட்டியிலே ஒண்ணே கால் டன் ஏத்திக்கிட்டுப் போறேன், அப்ப ஒண்ணும் ஆகல. தொட்டியைக் காலியா விட்டு அதே எடையைப் பின்னாடி இழுத்தா என்ன?" நியாயமான கேள்விதான். ஆனால் தொட்டியில் இருக்கும் ஐஸ் பெட்டி பின் சக்கரத்தைத் தரையோடு அமுக்குகிறது. பிரேக் போட்டால் டயர் பிடிக்கும். டிரெய்லரில் இருக்கும் எடை அப்படி அமுக்காது. கொக்கியில் இறங்கும் கொஞ்ச எடை தவிர மீதி எல்லாம் அதன் சொந்தச் சக்கரத்தில் நிற்கிறது. நம் ஊர் டிரெய்லர்கள் பழைய ஆக்ஸிலில் ஆங்கிள் அடித்துச் செய்தவை, பிரேக் என்ற பேச்சே கிடையாது. ஆகவே காலி பிக்கப்பின் பிரேக் இரண்டு வண்டிகளையும் நிறுத்த வேண்டும், அதுவும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும் ஒன்றை. ரெட்டிச்சாவடி தாண்டி ஒரு தனியார் பஸ் சட்டென்று குறுக்கே ஒடித்து நின்றால் படகு உங்களை முந்தப் பார்க்கும், வண்டி கத்திரிபோல் மடங்கும். நல்ல பிரேக் உள்ள வண்டிக்கே இதுதான் நிலைமை.

இப்போது அந்த பிரேக் பைப்புக்கு வருகிறேன். துறைமுகத்தில் ஓடும் பிக்கப்பை லிஃப்டில் ஏற்றிக் கீழே நின்று பாருங்கள். மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் தொட்டியின் பின் மூலையில் சொட்டி, சேஸ் உள்பக்கமாக ஓடி, பின் ஆக்ஸிலின் மேல் போகும் இரும்புக் குழாயில்தான் வந்து சேரும். குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் ஈரம் காயவே காயாது. வெளியே கறுப்பாக, நன்றாகத்தான் தெரியும். கிளிப்பை நகர்த்தினால் விரலில் துரு பொடியாக ஒட்டும். கோயம்புத்தூரில் காய்கறி ஏற்றும் வண்டியில் நாலு வருஷம் தாங்கும் கோளாறு நம் வண்டியில் அவ்வளவு நாள் தாங்காது. ரீகால் கடிதம் எழுதுகிறவருக்கு உங்கள் மீன் தண்ணீர் தெரியாது.

பிரேக் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு வழியாகப் பிரிந்திருப்பதால், ஒன்றில் கசிந்தாலும் வண்டி நிற்கும். பெடல் கொஞ்சம் கீழே போகும், அவ்வளவுதான். காலியாக ஓட்டும்போது பழகிவிடும். அந்தப் பழக்கம்தான் ஆபத்து. பின்னால் ஒன்றரை டன் வரும்போது பாதி பிரேக் எந்த மூலைக்கு? சூடு வேறு. டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சுபோல் போகும்.

தீப்பிடிக்கும் அபாயம் என்று வரும் ரீகாலைத் தனியாகச் சொல்ல வேண்டும். டீசல் லைன், வயரிங், எஞ்சின் சூடு சம்பந்தப்பட்டது என்றால், இழுவை இருக்கட்டும், அந்த வண்டியை வலைக் கொட்டகை ஓரமாக நிறுத்தாதீர்கள். நைலான் வலையும் டீசல் கேனும் இருக்கும் இடம் அது. 'ஓட்டவே வேண்டாம்' என்று வந்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 2018 ஜனவரியில் ஃபோர்டு, 2006ஆம் வருஷத்து ரேஞ்சர் பிக்கப்புகளில் சுமார் 2,900 வண்டிகளை உடனே நிறுத்தச் சொன்னது. ஏர்பேக் வெடித்து ஒருவர் இறந்த பிறகு. பன்னிரண்டு வருஷம் ஓடிய வண்டிகள் அவை.

பெரியவர் கேட்டது புயலைப் பற்றி. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று நம்மைப் போட்டுப் புரட்டியதை மறக்கவில்லை, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்ததையும்தான். அந்த நேரத்தில் படகை மேட்டுக்கு இழுக்காதே என்று நான் சொல்வேனா? மணலில் ஆள் நடக்கும் வேகத்தில் கொஞ்ச தூரம் இழுப்பது வேறு, என்.எச்.சில் அறுபதில் இழுப்பது வேறு. ஆனால் ஆக்ஸில், கியர்பாக்ஸ் ரீகால் உள்ள வண்டிக்கு மணல்தான் மோசமான இடம், வேகமே இல்லாவிட்டாலும் முறுக்கு முழுசாக அங்கேதான் விழும். டிராக்டர் இருந்தால் டிராக்டரையே கூப்பிடுங்கள். எந்தப் பிக்கப்பை அழைப்பது, எதை அழைக்கக் கூடாது என்பதை நாட்டார்கள் ஐப்பசி மழைக்கு முன்பே முடிவு செய்து வைத்தால், புயல் எச்சரிக்கைக் கொடி ஏற்றிய அன்று ஓட்டுநரைப் போட்டு நெருக்க வேண்டியிருக்காது. ஊரே நின்று "இழுடா" என்றால் எந்த ஓட்டுநர் மாட்டேன் என்று சொல்வான்?

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு ஒன்று. நம் பக்கம் டி.என். 31 அளவுக்கு பி.ஒய். (புதுச்சேரிப் பதிவு) வண்டிகளும் ஓடுகின்றன. ரீகால் மெசேஜ் ஷோரூம் கணக்கில் இருக்கும் முதல் ஓனரின் போனுக்குத்தான் போகும். அவர் பாகூரில் இருப்பார், வண்டி ராசாப்பேட்டையில் இருக்கும். மெசேஜ் வரவில்லை என்பதால் ரீகால் இல்லை என்று அர்த்தமில்லை. ஆர்.சி.யில் இருக்கும் 17 எழுத்து சேஸ் நம்பரை எடுத்துக்கொண்டு ஷோரூமில் கேளுங்கள். கம்பெனி இணையதளத்திலும் பார்க்கலாம். 'பார்ட்ஸ் வரலை, ஓட்டிட்டே இருங்க' என்று சொன்னால், லோடோடும் டிரெய்லரோடும் ஓட்டலாமா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் பேச்சு மாறும், பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் தாளையும் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். சரக்கு வண்டிப் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி இருக்கும். டிரெய்லர் இழுக்கும்போது பாலிசி பொருந்தாது, பழுதான ஒரு வண்டியைக் கூலி வாங்காமல் இழுப்பது மட்டும் விதிவிலக்கு என்றுதான் வழக்கமாகப் போட்டிருக்கும். டிரெய்லரைத் தனியாகச் சேர்த்து பிரீமியம் கட்டாமல், பதிவும் இல்லாமல் இழுத்தால் ரீகால் இல்லாத வண்டிக்கும் சிக்கல்தான்.

வண்டி சரியாக இருக்கிறது, ரீகால் முடிந்தது, டிரெய்லருக்கும் காகிதம் இருக்கிறது என்றால் நானே கொக்கி மாட்டித் தருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். படகை ஏற்றும்போது எஞ்சினைப் பின்னால் தொங்க விடாதீர்கள், வலையையும் அணியத்துப் பக்கம் (படகின் முன்பக்கம்) தள்ளி வையுங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். பின்பாரம் அதிகமானால் கொக்கி லேசாகி டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஆட ஆரம்பித்த பிறகு வேகம் கொடுத்து நேராக்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதை நம்பாதீர்கள். காலை மெதுவாக எடுங்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள்.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் படகு வேலை எல்லாம் ஒரே நேரத்தில் வரும், கொக்கி கேட்டும் கூட்டம் வரும். அதற்கு முன் நாட்டார்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பிக்கப்புகளின் சேஸ் நம்பரை எழுதி வாங்கி வைத்தால், நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன். இதற்குக் காசு வேண்டாம். அந்தத் தம்பியின் வண்டிக்கு ஷோரூமில் தேதி கேட்டிருக்கிறேன். குழாய் மாற்றிய ஜாப் கார்டோடு வரட்டும், அன்றைக்கே மாட்டித் தருகிறேன்.