பக்கவாதச் செலவுக் கணக்கில் விடுபட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாத சிகிச்சைகளின் செலவையும் பலனையும் கணினி மாதிரிகள் எப்படி எடைபோடுகின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். வீடு திரும்பிய பிறகு பெரிய செலவு இல்லை என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

2016-இல் ஒருநாள் காலை 6 மணிக்கு என் கணவர் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. வாய் கோணி, பேச்சு குழறியது. முதலில் போன மருத்துவமனையில் சிடி ஸ்கேன் இல்லை. அடுத்த இடத்தில் ஸ்கேன் எடுத்து முடித்தபோது மணி பதினொன்றரை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது நீங்கள் அறியாததல்ல. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய் கோணினால், கை தளர்ந்தால், ஸ்கேன் இருக்கிற மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் 16 வருடம் நடத்திய தையல் கடையை மூடினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும், இரவிலும்தான். சின்ன மகள் ஒரு வருடம் கல்லூரிக்கே போகவில்லை. இதெல்லாம் செலவில்லையா ஐயா?

அந்த மாதிரிகளைப் பற்றி மகளை வைத்துக்கொண்டு படித்தேன். ஆயிரக்கணக்கில் கற்பனை நோயாளிகளை உருவாக்கி, பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவர் எவ்வளவு முடங்கியிருக்கிறார் என்று அளக்கும் ரேங்கின் அளவுகோலில் 0 முதல் 6 வரை நிலை பிரித்து (6 என்றால் மரணம்), காலப்போக்கில் யார் எந்த நிலைக்குப் போவார் என்று ஓட்டிப் பார்க்கிறார்கள். தேவையான வேலைதான். ஆனால் யாருடைய செலவைச் சேர்ப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். எந்த சிகிச்சைக்கு அரசுப் பணம் செலவிடலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு கேட்கும் அடிப்படைக் கணக்கில் அரசின் சுகாதாரச் சேவைக்கும் சமூகப் பராமரிப்புக்கும் ஆகும் செலவுதான் வரும். சம்பளமில்லாமல் மனைவி பார்க்கும் வேலை அந்தச் செலவில் வராது. சமூகம் முழுவதையும் பார்த்துப் போடும் கணக்கில் அதற்கும் இடமுண்டு. ரத்தக்குழாய் வழியாகக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையின் பலனை 2015-இல் ஐந்து ஆய்வுகள் உறுதி செய்தன. விலை கூடிய சிகிச்சைதான். ஆனாலும் ஒருவர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் வீடு திரும்பினால், அந்த வீட்டில் என்னென்ன மிச்சமாகும் என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு வார்த்தை எழுதவில்லை.

சில வருடம் முன்பு பக்கவாதத்துக்கு எண்ணெய் என்று உங்கள் இதழில் விளம்பரம் வந்தபோதும் எழுதினேன். பதில் இல்லை. அதை நம்பி வாங்கி, விடாமல் தேய்த்தவர் என் மாமியார். புறா ரத்தம் தடவச் சொன்ன உறவினர்களோடு நான் சண்டையே போட்டேன். உங்களோடு எப்படிச் சண்டை போடுவது? ஒவ்வொரு அக்டோபர் 29-க்கும் பக்கவாத தினம் என்று ஒரு பக்கம் போடுகிறீர்கள். பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி அதில் நான் எதுவும் படித்ததில்லை. இருபது வருட வாசகி என்ற உரிமையில் சொல்கிறேன், மனது வலிக்கிறது.

இனி இப்படிப்பட்ட ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது, யாருடைய செலவு சேர்ந்தது, யாருடையது சேரவில்லை என்று ஒரு வரி போடுங்கள். அப்புறம், இடமில்லை என்று இந்தக் கடிதத்தைச் சுருக்கினாலும் சரி, ஸ்கேன் பற்றிய வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி மாவட்டம்