வாங்குகிறவர்களைக் கைவிடாதே

அன்புள்ள கயலுக்கு,

நம் பாரம்பரிய அரிசிக்குத் தள்ளுபடி போட்டால்தான் வாங்கப் புது ஆட்கள் வருவார்கள் என்று போனில் சொன்னாய், எனக்கு அது சரியாகப் படவில்லை. கடையில் விற்கிற பொன்னியோடு நாம் விலையில் போட்டி போடவே முடியாது. காட்டுயானம் அறுப்புக்கு வர ஆறு மாதம், மாப்பிள்ளை சம்பாவுக்கு அஞ்சு மாதம், விளைச்சலும் குறைவு. இதைத் தேடி வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அவர்கள் மாசாமாசம் திரும்பி வந்தாலே நம் நெல் பத்தாது.

பாதியில் நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் சமைக்கத் தெரியாமல்தான் நிற்கிறார்கள். கருப்புக் கவுனியை ராத்திரியே ஊறப்போடாமல் குக்கரில் வைத்துவிட்டு, வேகவில்லை என்று பையை ஓரமாக வைத்துவிடுவார்கள். அதனால் முதல்முறை கேட்பவருக்குத் தூயமல்லியோ கிச்சிலிச் சம்பாவோ கொடு, தினச் சோற்றுக்கு அதுதான் தோது, பிள்ளைகளும் முகம் சுளிக்காது. அப்புறம் மாப்பிள்ளை சம்பாவைக் கஞ்சிக்குச் சொல். புது அரிசியா பழசா என்பதையும் சொல்லிவிடு, புதுசு குழையும். மருந்து போடாத அரிசியில் வண்டு வரும், நிழலில் உலர்த்திப் புடைத்துக்கொள்ளலாம் என்று முன்னாடியே சொல்லிவைத்தால் பின்னால் கோபம் வராது. சர்க்கரை வியாதி குணமாகும் என்று மட்டும் யாரிடமும் சொல்லி விற்காதே.

நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தினாரே, அங்கே 2 கிலோ விதை கொடுத்து மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொல்வார். காசுக்கு விற்றிருந்தால் விதையோடு அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். திருப்பித் தர வேண்டும் என்பதால் விளைந்ததோடு மறுபடி வந்தார்கள், அது இன்னொருவர் வயலுக்குப் போனது. அப்படித்தான் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்கள் மீண்டன, 2018-ல் அவர் போன பிறகும் அந்தப் பிடிப்பு விடவில்லை.

உன்னிடம் வாங்குகிறவர்களுக்கும் அப்படி ஏதாவது கொடுக்க இடம் வை. அந்தக் காரைக்குடி அம்மா கவுனரிசி இனிப்பு நன்றாகச் செய்வார் என்றாயே, அவரையே மற்றவர்களுக்குச் சொல்லித்தரச் சொல், நீ சொல்வதைவிட அவர் சொன்னால் நம்புவார்கள். தை அறுவடைக்கு வர முடிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வா, யார் வயலில் விளைந்தது என்று கண்ணால் பார்க்கட்டும். எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டிச் சொல், சமைக்க வேண்டும்.

தூயமல்லி அரைத்து வைத்திருக்கிறேன், வண்டியில் போட்டுவிடுகிறேன். கவுனி தீர்ந்துவிட்டது. கேட்பவர்களிடம் தைக்கு அப்புறம்தான் என்று சொல்லிவிடு, வெளியில் வாங்கி நம் பையில் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அம்மா