பாட்ட எடுத்துட்டா கதை நிக்குமா? என்னோட வரிசை இது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழம பேப்பர்ல உலகத்துல சிறந்த இசை நாடகம், மியூசிக்கல் படம்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. எங்க ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல அத வச்சு பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. லண்டன் இருக்கு, நியூயோர்க் இருக்கு, பம்பாய் இருக்கு, சென்னையிலருந்து ரெண்டு படமும் இருக்கு, ஆனா இங்க இலங்கை மலையகத்துல ஹட்டன்லயும் மஸ்கெலியாவிலயும் பொகவந்தலாவையிலயும் உங்க பேப்பர காசு குடுத்து வாங்குற சனம் விடிய விடிய குந்திக்கிட்டு பாக்குற கூத்து ஒண்ணு கூட அதுல இல்ல. எனக்கு மனசு கேக்கல. சும்மா குறை சொல்லி ரெண்டு வரி எழுதுறத விட என்னோட வரிசைய காரணத்தோட எழுதி அனுப்புவோம்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமா போனாலும் வெட்டாம போடுங்க.

எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். பாட்ட எடுத்துட்டா கதை நிக்குதா? நின்னுச்சுன்னா அது பாட்டு உள்ள படம், அவ்வளவுதான். நம்ம படங்கள்ல முக்காவாசி அப்படித்தான், பாட்டு வர்ற நேரம் எழும்பி போய் தேத்தண்ணி ஊத்திட்டு வந்தாலும் கதையில ஒண்ணும் விட்டுப் போகாது. பாட்டு எவ்வளவு இனிமையா இருந்தாலும் அதுகள நான் இந்த வரிசையில சேக்கல.

மூணாவது இடத்துலருந்து தொடங்குறேன், ஏன்னா நான் சொல்ற அளவுகோல் அதுலதான் பளிச்சுனு தெரியும். தில்லானா மோகனாம்பாள், 1968. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடன்ல தொடரா எழுதின கதை, ஏ.பி. நாகராஜன் படமா எடுத்தாரு, கே.வி. மகாதேவன் இசை. அதுல நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரம் கத்திக் காயம் பட்டு படுத்துக் கெடந்து எழும்பி வந்து திரும்ப வாசிக்கிற கச்சேரி இருக்கே, அத பாருங்க. சபை நெறைய ஆளு, நாட்டியக்காரி மோகனாவோட அம்மா வேற கண்ணு வச்சுக்கிட்டு இருக்கா, மோகனா எப்படி கிட்டப் போய் உடம்பு எப்படி இருக்குனு கேப்பா? அதனால ஆடிக்கிட்டே பாட்டுல கேக்குறா. நலந்தானாங்கிற அந்த ஒரு கேள்விய பி. சுசீலா பாடப் பாட பத்மினியோட கண்ணு அவரோட கையயே பாத்துக்கிட்டு இருக்கும், சிவாஜிக்கு வாயில நாதஸ்வரம், பேச முடியாது, கண்ணு மட்டும் கலங்கும். ஊர் முழுக்க கேட்டுக்கிட்டு இருக்கு, ஆனா அந்த ரெண்டு பேருக்கு நடுவுல என்ன பேச்சு நடக்குதுனு அவங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பாட்ட எடுத்துட்டு வசனமா எழுதச் சொல்லுங்க பாப்போம், யாராலயும் முடியாது. உண்மையில நாதஸ்வரம் வாசிச்சது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவங்க பேர சொல்லாம அந்தப் படத்த பத்தி பேசுறது நியாயமில்ல.

இனி கடைசியிலருந்து வர்றேன். ஏழாவது சவுண்ட் ஒஃப் மியூசிக். 1959ல மேடையில வந்துச்சு, 1965ல ஜூலி அண்ட்ரூஸ் நடிச்சு படமா வந்து சிறந்த படத்துக்கான ஒஸ்காரும் வாங்குச்சு. மலையும் புல்லும் எங்களுக்கு புதுசில்லதான், ஆனா ஸ்வரம் சொல்லிக் குடுக்குற அந்தப் பாட்ட நான் என் வகுப்புல சொல்லிக் குடுத்திருக்கேன், இங்கிலீஷ்னாலே வாயத் திறக்காத பிள்ளைங்க கூட அதப் பாடும்போது பயமில்லாம பாடுதுங்க, அதுக்காகவே என் வரிசையில ஒரு இடம் உண்டு. ஆறாவது ஹரிதாஸ். 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி கண்ட படம், தியாகராஜ பாகவதர் குரலுக்காக மட்டுமே எத்தன தரம் வேணும்னாலும் கேக்கலாம்.

அஞ்சாவது சிந்து பைரவி, 1985, கே. பாலசந்தர் படம். பெரிய வித்வான் மேடையில உக்காந்திருக்காரு, சபையிலருந்து ஒரு பொண்ணு எழும்பி சனங்களுக்கு விளங்குற மாதிரி தமிழ்ல பாடக் கூடாதானு கேக்குறா, அப்ப நீயே பாடுனு சொல்லப்பட்டு அவ நாட்டுப் பாட்டு ஒண்ண எடுத்து பாடி, அப்படியே தியாகராஜரோட மரி மரி நின்னேக்கு கொண்டு போய் விடுவா. இளையராஜா அந்தக் கீர்த்தனைய சாரமதி ராகத்துல வச்சிருந்தாரு, அதனால நாட்டுப் பாட்டுலருந்து கீர்த்தனைக்கு தாண்டுற இடத்துல ஒரு இழை கூட அறுந்து போகாது. கொழுந்து பறிக்கிற மலையில முணுமுணுக்கிற மெட்டும் சபாவுல பாடுற கீர்த்தனையும் ஒரே வேர்ல வந்ததுனு விளங்கப்படுத்த எனக்கு இத விட நல்ல உதாரணம் கிடைக்கல. சித்ராவுக்கு அந்தப் பாட்டுக்கு தேசிய விருது கிடைச்சுது, அது சரியான விருது.

நாலாவது இடத்துக்கு எங்க ஆளுங்க சில பேர் கோவப்படுவாங்க, ஆனாலும் சொல்றேன், சிங்கபாகுங்கிற சிங்கள இசை நாடகம். எதிரிவீர சரச்சந்திர 1956ல மனமே போட்டாரு, 1961ல சிங்கபாகு. சிங்களம் எனக்கு ஓரளவுக்குத்தான் விளங்கும், ஆனா பேராதனை கெம்பஸ் திறந்தவெளி அரங்குல, அவர் பேரயே வச்சிருக்கிற அந்த இடத்துல, படிக்கட்டுல கூட்டாளிங்களோட நெருக்கிக்கிட்டு குந்தி அத பாத்தப்ப பாஷை ஒரு தடையா தெரியல. மனுசப் பொண்டாட்டியையும் அவளுக்குப் பொறந்த பிள்ளைங்களையும் காணாம குகையிலருந்து வெளிய வந்து சிங்கம் பாடும், அது மிருகம்னு நினைவே வராது, ஒரு தகப்பன்தான் தெரியும். மகன் அம்பு விடுவான், சிங்கத்தோட மனசுல பாசம் இருக்கிற வரைக்கும் அம்பு தைக்காது, கோவம் வந்ததும்தான் தைக்கும். பக்கத்துல இருந்த என் சிங்கள கூட்டாளி அழுதா, நானும் அழுதேன்.

அதுலயே இன்னொரு விஷயமும் இருக்கு. சரச்சந்திர எடுத்துக்கிட்ட, 'நாடகம'னு சொல்ற சிங்கள கூத்து முறை இருக்கே, அது நம்ம கரையோரத்து தமிழ்க் கத்தோலிக்க கூத்துகள்லருந்து சிங்களத்துக்கு போனது. அதே பேராதனையில பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகள்ல மட்டக்களப்பு கூத்துகள எடுத்து செம்மைப்படுத்தி கர்ணன் போர், இராவணேசன், வாலி வதைனு மேடையேத்தினாரு, இராவணேசன்ல மௌனகுரு சேர் இராவணனா ஆடினாரு. மட்டக்களப்புக்கு அப்படி ஒருத்தர் கிடைச்சதுல எனக்கு ரொம்ப சந்தோசம். ஆனா பேராதனையிலருந்து கோச்சி (ரயில்) ஏறினா ஒரே பாதையில வந்து சேர்ற எங்க மலைக் கூத்துக்கு அந்த அளவு பெரிய மேடை அப்ப கிடைக்கல, அந்த ஏக்கத்த எழுதாம இருக்க முடியல.

இனி ரெண்டாவது. பிட்லர் ஒன் த ரூஃப்ங்கிற இங்கிலீஷ் இசை நாடகம். இத பாத்திருக்காதவங்க தேடிப் பாருங்க, முக்கியமா மலையகத்து ஆளுங்க. ரஷ்யாவுல சார் மன்னர் காலத்துல அனத்தேவ்கானு ஒரு சின்ன கிராமம், அதுல டெவியேனு ஒரு பால்காரன், அஞ்சு பொம்பள பிள்ளைங்க, மூத்தது மூணும் ஒவ்வொருத்தியா தகப்பன் பேச்ச மீறி தானா மாப்பிள்ள தேடிக்கிறாளுங்க. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் யூதர்ங்கிறதுக்காக மூணு நாளைக்குள்ள ஊர விட்டு போகணும்னு கட்டளை வருது. கடைசியில சனம் மூட்டை கட்டிக்கிட்டு பாடுற பாட்டுல சட்டி, பானை, விளக்குமாறுனு ஒவ்வொண்ணா எண்ணுவாங்க, இந்த ஊர்ல அப்படி என்னதான் இருக்குனு அவங்களே கேட்டுக்குவாங்க, ஆனா காலு நகராது.

அந்த நாடகம் நியூயோர்க்ல முதன்முதல்ல மேடையேறினது 1964 செப்டெம்பர் 22. இலங்கையும் இந்தியாவும் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது அதே வருசம் ஒக்டோபர் 30. இடையில ஆறு கிழமை கூட இல்ல. இங்க இருந்த இந்திய வம்சாவளி சனத்துல 525,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறது, 300,000 பேருக்கு இங்க பிரஜாவுரிமைனு எழுதினாங்க, மிச்சம் 150,000 பேர பிறகு பாத்துக்குவோம்னு விட்டு 1974ல ஆளுக்கு பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. எங்க அப்பாயியோட கூடப் பொறந்தவங்க அந்தக் கணக்குல போனவங்கதான். அழுகைக் கோச்சினு சொன்னா எங்க வீடுகள்ல விளக்கம் தேவையில்ல, ஹட்டன் ஸ்டேசன்ல கோச்சி கிளம்புறப்ப ஜன்னல் கம்பிய விடாம ஓடின சனத்த பத்தி அப்பாயி சொல்லுவாங்க, தலைமன்னார்ல கப்பல் ஏறின பிறகு வந்த ஒரே ஒரு கடுதாசிய பத்தியும் சொல்லுவாங்க. 1971ல வந்த படத்த, டோப்போல் டெவியேயா நடிச்சத, நான் பாத்தது ரொம்ப பிந்தி, சின்னத் திரையில. அந்தக் கடைசிப் பாட்டு வந்தப்ப அம்மா பக்கத்துல வந்து நின்னாங்க, பாஷை தெரியாது, "இவங்களையும் அனுப்புறாங்களா?"னு கேட்டாங்க. ஜெரி பொக் போட்ட அந்த மெட்டுக்கு அவ்வளவு சக்தி இருக்கு.

அப்ப முதலாவது எது? ரதி மன்மதன் கதைய எங்க தோட்டங்கள்ல ஆடுற காமன் கூத்து. ஊர்ப் பாசத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க, அதே அளவுகோல வச்சே சொல்றேன். லெ மிசராப்னு லண்டன்ல 1985லருந்து ஓடுற நாடகத்த உங்க பக்கத்துல உச்சியில வச்சிருந்தீங்க, அதுல பெருமையா சொல்லியிருந்தது முழுக் கதையும் பாட்டாவே போகுதுங்கிறது. எங்க தோட்டத்து கூத்தும் அப்படித்தான் போகுது. மாசி மாசம் மூணாம் பிறை கண்டு காமன் பொட்டல்ல கம்பம் ஊண்டினா பௌர்ணமி வரைக்கும் ரதியும் மன்மதனும் பாட்டாலதான் பேசிக்குவாங்க, கல்யாணமும் பாட்டு, சண்டையும் பாட்டு, தூதன் ஓலை கொண்டு வர்றதும் பாட்டு. வேஷம் கட்டுறவங்க காப்பு கட்டி விரதம் இருந்து ஆடுறாங்க, அது வெறும் நடிப்பா இருக்காது.

சிவனோட தவத்த கலைக்கப் போறேன்னு மன்மதன் கிளம்புவான், ரதி விடமாட்டா. போகாதீங்கனு அவ ஒரு பாட்டு, போயே தீருவேன்னு அவன் ஒரு பாட்டு, இப்படியே ராத்திரி நகர்ந்துக்கிட்டு இருக்கும், இடையில தப்புக்காரங்க நெருப்ப சுத்தி நின்னு தோல காய்ச்சி விறைப்பேத்திட்டு வந்து திரும்ப அடிப்பாங்க. எங்க தோட்டத்துல பல வருசமா ரதி கட்டினவரு ஸ்டோர்ல வேல செஞ்ச எங்க மாமா முறை ஒருத்தர். பகல்ல அவர் அதிர்ந்து பேசி நான் பாத்ததில்ல. மன்மதன் எரிஞ்ச பிறகு முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு அவர் ஒப்பாரி தொடங்குனா தப்பு நின்னுரும், அந்தக் குளிர்ல தொண்ட கட்டின குரல் மட்டும் லயத்து வீடுகள் வரைக்கும் கேக்கும். கம்பளிய போத்திக்கிட்டு குந்தியிருக்கிற பொம்பளைங்க ஒவ்வொருத்தியா தன் தன் செத்த ஆளுங்கள நினைச்சு அழுக ஆரம்பிப்பாங்க. புருசன பறிகொடுத்தவங்க சில பேரு ரதியோட சேந்தே பாடுவாங்க, யாரும் தடுக்கமாட்டாங்க. மேடைக்கும் சனத்துக்கும் நடுவுல கோடே இல்லாத அந்த நேரத்த நான் வேற எந்த இசை நாடகத்துலயும் பாத்ததில்ல. அந்த ஒப்பாரிய எடுத்துட்டா அந்த ராத்திரியில ஒண்ணுமே மிஞ்சாது.

அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இதே வரிசையில வரவேண்டியதுங்க, உயரமான தபசு மரத்துல ஒவ்வொரு படியா ஏறி ஒவ்வொரு பாட்டா பாடுற அருச்சுனன பத்தியே தனியா ஒரு கடிதம் எழுதலாம், இப்ப இடமில்ல.

ஆசிரியர்கிட்ட ஒரு வேண்டுகோள். ரதி கட்டுற, மன்மதன் கட்டுற இளந்தாரிங்க எல்லாம் கொழும்புல கடையிலயும் ஹோட்டல்லயும் வேலைக்கு நிக்கிறாங்க, மாசிக்கு லீவு கிடைச்சாத்தான் கூத்து, இல்லாட்டி அந்த வருசம் கம்பம் ஊண்டுறதோட சரி. பாட்டுகள் கூத்து வாத்தியார்மாருட்ட பழைய கொப்பிகள்ல கையெழுத்தா கெடக்கு, சிலது ஈரத்துல ஒட்டிப் போச்சு. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அந்தக் காலத்துல தோட்டம் தோட்டமா தேடி மலைநாட்டுப் பாட்டுகள சேகரிச்சு அச்சுல கொண்டு வந்தாரு, அந்த வேல நிக்கக் கூடாது. வர்ற மாசிக்கு உங்க நிருபர் ஒருத்தர கெமராவும் ரெக்கோடரும் குடுத்து மேல அனுப்புங்க, பௌர்ணமி ராத்திரி முழுக்க இருக்கச் சொல்லுங்க, படம் புடிச்சிட்டு பத்து மணிக்கே இறங்கிறாம. சாப்பாடும் படுக்க இடமும் எங்க பொறுப்பு. ஞாயிறு மலர்ல கிழமைக்கு ஒரு கூத்துப் பாட்ட, எந்தத் தோட்டம், யாரோட கொப்பினு பேரோட போடுங்க. நானும் எங்க ஸ்கூல் பிள்ளைங்களும் மஸ்கெலியா பக்கத்துல கிடைக்கிற கொப்பிகள எழுத்துப் பிழையில்லாம டைப் பண்ணி அனுப்பத் தயாரா இருக்கோம்.

இப்படிக்கு,
தமிழ் டீச்சர் ஒருவர்,
மஸ்கெலியா.