முதல் அன்பியக் கூட்டத்துக்கு முன்

அன்புள்ள அருள்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அன்பியப் பொறுப்பை, அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவின் பொறுப்பை, உன் தலையில் கட்டிவிட்டார்கள், அங்கே நற்செய்தியைச் சேர்ந்து வாசித்துப் பகிர்வதை எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தாய். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவான ஏழு படி முறையையே எடுத்துக்கொள். எளிமையானது, எளிமையாக இருப்பதால்தான் எல்லோரும் கெடுத்துவிடுகிறார்கள்.

முதலில் பகுதியைத் தேர்ந்தெடு. பத்து வசனத்துக்குமேல் வேண்டாம். மாற்கு நற்செய்தி 10:46-52, எரிகோ ஊர் வழியோரம் பிச்சையெடுத்து அமர்ந்திருந்து இயேசுவிடம் பார்வை பெற்ற பர்த்திமேயு, முதல் கூட்டத்துக்குப் பொருத்தம்: ஏழே வசனம், எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் தெரிந்த கதையில்தான் யாரும் வாசகத்தைப் பார்ப்பதில்லை.

ஒருவர் ஜெபம் சொல்லி ஆண்டவரை அழைப்பது முதல் படி. ஒரு நிமிடம் போதும். இரண்டாவது, நிதானமாக வாசிப்பது. மூன்றாவது படியில் ஒவ்வொருவரும் தன்னைத் தொட்ட ஒரு சொல்லை அல்லது சிறு தொடரை மட்டும் மெதுவாக மூன்று முறை சொல்ல வேண்டும். ஒருவர் "மேலுடையை எறிந்துவிட்டு" என்பார், இன்னொருவர் "துணிவுடன் எழுந்துவாரும்" என்பார். விளக்கம் கூடாது. இங்கேதான் முதல் சறுக்கல்: யாராவது "இந்த வார்த்தை எனக்குப் பிடித்தது, ஏனென்றால்..." என்று தொடங்குவார். மரியாதையாக நிறுத்து. அந்த "ஏனென்றால்" ஐந்தாம் படிக்கு உரியது. எல்லோரும் சொல்லி முடித்ததும் பகுதியை மறுபடி முழுதாக வாசிக்கச் சொல்.

நான்காவது மௌனம். ஐந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் ஒன்றரை நிமிடத்தில் யாராவது பாட்டு எடுத்துவிடுவார்.

ஐந்தாவது பகிர்வு. அவரவர் மனதைத் தொட்டதை "நான்" என்று சொல்ல வேண்டும், "நாம் எல்லோரும்" என்று அல்ல. "நாம்" வந்துவிட்டால் அது பிரசங்கம். முன்னாள் உபதேசியார் ஒருவர் இருந்தால் அவரைக் கடைசியில் பேச வை. அவர் முதலில் பேசினால் பிறகு வாயைத் திறக்க யாருக்கும் துணிவு வராது. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில், ஆலோசனை, திருத்தம் எதுவும் கூடாது. இதே கதை மத்தேயு நற்செய்தியில் பார்வையற்றோர் இருவர், லூக்காவில் ஊரை நெருங்கும்போது நடக்கிறது, மாற்கில் ஊரைவிட்டு வெளியேறும்போது, ஏன் இப்படி என்று ஒருவர் கண்டிப்பாகக் கேள்வி எழுப்புவார். நல்ல கேள்விதான், கூட்டம் முடிந்ததும் பேசலாம் என்று சொல். மூன்றையும் கலந்து ஒரே கதையாக்க முயன்றால் மாற்கு சொல்ல வந்தது நழுவிவிடும். அதே அதிகாரத்தின் 36-ஆம் வசனத்தில், சீடர்கள் யாக்கோபிடமும் யோவானிடமும் இயேசு, பர்த்திமேயுவிடம் கேட்கும் கேள்வியையே கிட்டத்தட்ட கேட்டிருக்கிறார்: உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்? அவர்கள் கேட்டது அரியணைக்கு வலப்புறமும் இடப்புறமும். பர்த்திமேயு கேட்டது பார்வை. நீயே இதைச் சொல்லிவிடாதே, யாராவது கண்டுபிடிக்கட்டும்.

உங்கள் தெருவில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களும் வருவதாக எழுதியிருந்தாய். அவர்கள் பழைய மொழிபெயர்ப்பைக் கொண்டுவருவார்கள், தடுக்காதே. இரண்டாம் முறை அதிலிருந்து வாசிக்கச் சொல். அதில் பர்த்திமேயு "குருடன்", "உட்கார்ந்து பிச்சை கேட்டுக்கொண்டிருந்தான்". 1995-இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "பார்வையற்ற அவர்", "அமர்ந்திருந்தார்". பழையதில் இயேசு அவரை "உனக்கு" என்கிறார், புதியதில் "உமக்கு". ஒரு விகுதி மாறியதும் தெருவோரத்து மனிதர் எப்படி மாறிவிடுகிறார் பார். தமிழில் வாசிக்கிறவர்களுக்குக் கிடைக்கும் வரம் இது.

ஆறாம் படியைத்தான் பெரும்பாலான இடங்களில் விட்டுவிடுகிறார்கள். வாசித்ததன்படி நம் தெருவில் என்ன செய்வது, யார், எந்த நாளில் என்று முடிவெடுக்க வேண்டும். "ஏழைகளுக்கு உதவுவோம்" என்பது முடிவல்ல. "கண் அறுவைசிகிச்சைக்குப் போகும் பாட்டியை வியாழன் காலை இரண்டு பேர் அழைத்துப்போவது" என்பது முடிவு. நோட்டில் எழுதிவை, அடுத்த கூட்டத்தில் இந்தப் படிக்கு வரும்போது முதலில் அதைக் கேள். ஏழாவது, சிறு மன்றாட்டுகளும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஜெபமும்.

மொத்தம் ஒன்றேகால் மணிநேரம். எட்டு முதல் பன்னிரண்டு பேர். அதற்குமேல் போனால் இரண்டாகப் பிரி.

இன்னொன்று, சின்ன விஷயம்போல் தோன்றும். வீட்டுக்கு வீடு கூட்டம் மாறும்போது, முதல் வீட்டில் டீயும் பிஸ்கட்டும், நான்காம் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் என்று போகும். ஐந்தாம் வீட்டுக்காரருக்கு வசதியில்லை என்றால் "இந்த மாதம் எங்கள் வீட்டில் வேண்டாம்" என்பார், அடுத்த மாதம் வரவே மாட்டார். முதல் நாளிலேயே சொல்லிவிடு: டீ மட்டும்.

கூட்டம் முடிந்ததும் எழுது. மௌனம் எத்தனை நிமிடம் தாங்கியது என்று மறக்காமல் சொல்.

அன்புடன்,
சேவியர்