பாலை நிறுத்துவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ அழுததிலிருந்து மனசு கேட்கவில்லை. பேரன் வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று டீச்சர் சொன்னதும் சாப்பாடுதான் காரணம் என்று பால், கோதுமை, முட்டை, சர்க்கரை, கலர் மிட்டாய் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டாயாமே. கொஞ்சம் பொறு, அம்மா.

உன் தம்பி மூன்றாம் வகுப்பு படித்தபோது, எழுத உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கொட்டாவி விடுவான். அதற்காக அவனை அடித்திருக்கிறேன். வருஷம் முழுக்க மூக்கடைப்பு, ராத்திரி வாயைத் திறந்துகொண்டு குறட்டை. தூசி அலர்ஜி என்று தெரியாமல், மருந்துக் கடையில் சளி சிரப் வாங்கிக் காலையில் கொடுத்து அனுப்பினேன். அது தூக்கம் வரவைக்கிற மருந்து. ராத்திரி சரியாகத் தூங்காத பிள்ளை அதையும் குடித்துவிட்டு எப்படிப் பாடத்தைக் கவனிப்பான்? ரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைவாக இருந்தது. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். அந்தப் பழக்கத்தைக் கொடுத்ததும் நான்தான். மூக்குக்கு மருந்து, இரும்பு டானிக் என்று சில மாதம் பார்த்தோம். கணக்கு வந்துவிடவில்லை, ஆனால் கொட்டாவி நின்றது.

அதனால், இன்றைக்கு ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனி. குறட்டை இருந்தால் டாக்டரிடம் சொல். உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டுமா என்றும் கேள்.

கலர் மிட்டாயை நிறுத்தியது சரிதான். நீ இருக்கிற இங்கிலாந்தில், சவுத்தாம்ப்டனில்தான், செயற்கை நிறமும் கெடாமல் இருக்கச் சேர்க்கிற சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் முடிவு வந்தது: துறுதுறுப்பு சற்றுக் கூடியது, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இல்லை. டார்ட்ராசின் என்ற மஞ்சள் நிறம் உட்பட ஆறு நிறங்களுக்கு 2010 முதல் பாக்கெட்டிலேயே எச்சரிக்கை போடுகிறார்கள், படித்துப் பார். சர்க்கரையைப் பல்லுக்காகக் குறை. அதனால் பிள்ளை துள்ளுகிறது என்பது சோதனைகளில் நிற்கவில்லை.

பாலும் கோதுமையும் வேறு விஷயம். வளர்கிற பிள்ளை, இளைத்துப்போவான். டயட்டீஷியனைக் கேட்டு, சந்தேகம் இருக்கிற ஒன்றை மட்டும் சில வாரம் நிறுத்து, நோட்டில் எழுதி வை, திரும்பக் கொடுத்தும் பார். ஏடிஎச்டி என்கிற கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனைக்குத் தேதி கிடைத்தால், சாப்பாட்டை மாற்றியிருக்கிறோமே என்று தள்ளிப்போடாதே.

சனிக்கிழமை போன் பண்ணு. அவன் எப்படித் தூங்கினான் என்று சொல்.

அன்புடன்,
அம்மா