மெல்பர்னில் புகைப்படக் குழு தொடங்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். உன் பேட்டை நண்பர்கள் சேர்ந்து புகைப்படக் குழு ஒன்று தொடங்குகிறீர்கள். பெயர் வைத்தாயிற்று, சின்னம் வரையக் கொடுத்தாயிற்று, தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் ஆயிற்று. சந்தோஷம். ஆனால் அடுத்த கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே? அந்த நீளமான செய்தியில் அது மட்டும் இல்லை.

இங்கே சிங்கப்பூரில் நம் சமூக மன்றத்தில் எங்கள் குழு ஓடுகிறதே, அதற்குத் தலைவர் என்று ஒருவரும் கிடையாது. அறைச் சாவியை வாங்கித் திறப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர், அவ்வளவுதான். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை 3 மணி. பள்ளி விடுமுறையானாலும், கொட்டும் மழையானாலும் கூட்டம் உண்டு. மூன்று பேர் மட்டும் வந்த நாளும் உண்டு. தேதியை மாற்றலாமா என்று யாராவது கேட்டால் நான் பதிலே சொல்வதில்லை. ஒருமுறை மாற்றிவிட்டால் அப்புறம் ஒவ்வொரு மாதமும் அதைப் பற்றியே வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டிருந்தாய். சிங்கப்பூரில் 10 பேரோ அதற்கு மேலோ சேர்ந்த சங்கம் என்றால் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு விதிமுறைப் புத்தகம், பொதுக்கூட்டம், ஆண்டுக் கணக்கு என்று வேலை நிறைய. அதனால்தான் இங்கே பல குழுக்கள் மக்கள் கழகத்தின் சமூக மன்றங்களில் ஆர்வக் குழுவாக ஒதுங்கிக்கொள்கின்றன. அறை கிடைக்கும், திரை கிடைக்கும், காகித வேலை பாதி குறையும். நீயும் முதலில் உன் வட்டார நூலகத்திலோ நகர மன்றத்திலோ ஓர் அறை கேட்டுப் பார். ஆள் சேர்ந்து, ஓர் ஆண்டாவது ஓடிய பிறகு பதிவைப் பற்றி யோசிக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உன் திட்டத்தில் வெளியே போய்ப் படம் எடுக்கும் நாள்தான் நிறைய இருக்கிறது. கடற்கரை, மலை, பழைய ரயில் நிலையம். அதற்கெல்லாம் ஆள் வரும். கேமரா வாங்கியவனுக்கு வெளியே போக ஒரு சாக்கு போதுமே. ஆனால் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் இல்லாவிட்டால் நீங்கள் நடத்துவது ஒரு சுற்றுலாக் குழு. ஆறு மாதத்தில் போகிற இடங்கள் தீர்ந்துவிடும்.

எங்கள் முறையைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். ஆளுக்கு மூன்று படம், நாலாவது கிடையாது. அச்சடித்துக் கொண்டுவர வேண்டும், 8ஆர், அதாவது 8க்கு 10 அங்குல அளவு போதும். திரையில் போட்டால் எல்லோரும் இருட்டில் சாய்ந்துகொள்கிறார்கள், பின்வரிசையில் இரண்டு பேர் தூங்குவார்கள். திரையின் நிறத்தை நம்பவும் முடியாது. மேசையில் பரப்பினால் எழுந்து வந்து, குனிந்து, சுற்றிவந்து பார்க்கிறார்கள். படம் யாருடையது என்று முதலில் சொல்வதில்லை. எடுத்தவர் வாயைத் திறக்கக்கூடாது. மற்றவர்கள் கண் முதலில் எங்கே போயிற்று, அப்புறம் எங்கே நகர்ந்தது, எங்கே சிக்கிக்கொண்டது என்று சொல்ல வேண்டும். “நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னால் ஏற்பதில்லை. எது நல்லா இருக்கு என்று அடுத்த கேள்வி வரும்.

பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா வருகிறார். எதிர் அடுக்குமாடி புளோக்கில் துணி காயும் கழிகளை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வரிசை வரிசையாக நிறங்கள், கோடுகள். அதைத்தான் எடுத்ததாக அவர் நினைப்பு. மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் வேறொன்றைச் சொன்னார்கள்: மேல் மூலையில் ஒரு சன்னலிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு ஒரு சட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை. அடுத்த மாதம் அதே புளோக், அதே நேரம், கைகள் மட்டும். இப்போது அவரிடம் அதுவே ஒரு தொகுப்பாக வளர்ந்திருக்கிறது. எந்த வகுப்பில் சேர்ந்திருந்தாலும் இது கிடைத்திருக்குமா, சொல்.

கேமராவா கைபேசியா என்ற சண்டை உங்களிடமும் வரும். வரும்போது நீ நடுவில் நில். எங்கள் குழுவில் கட்டுமான வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார், சிவகங்கைப் பக்கம். ஞாயிறுதான் அவருக்கு விடுமுறை. ஞாயிறு, அதுவும் 3 மணி என்று வைத்ததே அவரைப் போன்றவர்களுக்காகத்தான். முடித்துவிட்டுத் தேக்காவில், அதுதான் லிட்டில் இந்தியா பக்கம், சாமான் வாங்கி விடுதிக்குத் திரும்ப நேரம் இருக்கும். அவர் கைபேசியில்தான் எடுப்பார். ஒருநாள் ஒரு படத்தை வைத்தார். விடியற்காலை, லாரியின் பின்பக்கம். இரண்டு பக்கமும் ஆட்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள், ஒருவர் தலையில் துண்டு. அவர்களுக்கு நடுவே, லாரியின் திறந்த வாய் வழியாக விரைவுச்சாலை விளக்குகள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன. விலை உயர்ந்த லென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் உடனே, “புள்ளி புள்ளியாக இருக்கிறது, ஐஎஸ்ஓ ஏறிவிட்டது” என்றார். இருட்டில் கேமராவின் ஒளியுணர்வு எண் கூடினால் விழும் புள்ளியைச் சொன்னார். இருக்கட்டும், கண் எங்கே போயிற்று அண்ணே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “அந்தத் துண்டுக்கு” என்றார். அப்புறம் புள்ளியைப் பற்றி அவர் பேசவில்லை. அந்த லாரியில் ஏறாத எவராலும் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது. அதனால், உன் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார். ஐடி வேலை பார்க்கும் பத்து ஆண்கள் மட்டும் என்றால் பத்துப் பேரும் ஒரே சூரிய அஸ்தமனத்தைத்தான் கொண்டுவருவீர்கள். தாத்தா பாட்டிகளைக் கூப்பிடு. பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிடு. பெண்களைக் கூப்பிட்டால் அதிகாலை 5 மணிக்கு வாருங்கள் என்று சொல்லாதே, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

அதே தம்பிதான் இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை நடை போவோம் என்று ஒரு திட்டம் போட்டோம். வெளிநாட்டு ஊழியர்கள் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவது, வீட்டுக்குப் பேசுவது, இதெல்லாம் நன்றாக வரும் என்று ஒருவர் ஆர்வமாகச் சொன்னார். தம்பி சிரித்துக்கொண்டே, “நாங்க என்ன காட்சிப் பொருளா அக்கா?” என்று கேட்டார். அன்றிலிருந்து ஒரு விதி. முகம் தெரிய எடுத்தால் முதலில் பேச வேண்டும், பெயர் கேட்க வேண்டும், அச்சடித்து ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நடை போனோம், ஆனால் படம் குறைவு, பேச்சு அதிகம். அடுத்த ஞாயிறு பிரதிகளை எடுத்துக்கொண்டு போனபோது, “ஊருக்கு அனுப்ப இன்னொன்று கிடைக்குமா?” என்று கேட்டவர்களே அதிகம். தைப்பூசத்துக்கும் இதே விதிதான். ஊர்வலம் புறப்படும் பெருமாள் கோயிலில் அலகு குத்தும்போது பக்தரின் முகத்துக்கு அருகில் லென்ஸை நீட்டிக்கொண்டு நிற்பதை நான் அனுமதிப்பதில்லை. கூட நடக்கும் குடும்பத்திடம் கேட்டுவிட்டு, டேங்க் ரோடு முருகன் கோயில்வரை அவர்களோடு நடந்து பார். படம் தானாக வரும்.

போட்டி வைக்கலாமா? முதல் ஆண்டு வேண்டாம். நீ குரல் செய்தியில் நடுவர், மதிப்பெண், கோப்பை என்றெல்லாம் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. மதிப்பெண் வந்தால் படம் நடுவருக்குப் பிடிக்கும் திசையில் போய்விடும். மூன்று மாதத்தில் எல்லோரும் மூடுபனி, தனி மரம், குடை பிடித்த ஆள் என்று கொண்டுவருவார்கள். தோற்பவர் புதிதாக வந்தவராகத்தான் இருப்பார், அவர்தான் முதலில் நின்றுபோவார். பெரிய போட்டிகள் வெளியே நிறைய நடக்கின்றன. ஃபியாப் என்ற அனைத்துலகப் புகைப்படக் கூட்டமைப்பின் ஆதரவில் நடக்கும் சலோன் என்ற போட்டிக் கண்காட்சிகளில் படங்கள் தேர்வாகிக்கொண்டே வந்தால் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளப் பட்டமும் தருவார்கள். ஆசைப்படுபவர்கள் அங்கே அனுப்பட்டும், எங்கள் குழுவிலும் இரண்டு பேர் அனுப்புகிறார்கள். மேசைக்கு மட்டும் அதைக் கொண்டுவர வேண்டாம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை நீ கொடுத்துவைத்தவன். இங்கே நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் நேராக விழுந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் 7 மணியை ஒட்டி அஸ்தமனம், இருபது நிமிடத்தில் இருட்டு. கேமராப் பையைத் திறப்பதற்குள் பொன்னிறம் போய்விடும். உனக்கு ஜனவரியில் எட்டரை மணிக்கு மேலும் வெயில் இருக்கும், ஜூனில் ஐந்து மணி தாண்டியதும் பொழுது சாய்ந்துவிடும், குளிர்காலப் பகலில் சூரியன் ரொம்ப மேலே ஏறுவதே இல்லை. அதனால் இங்கே போல ஒரே நேரத்தை வைத்துக்கொண்டு வெளி நடைக்குத் திட்டம் போடாதே, மாதத்துக்கு ஏற்ப மாற்று. லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் தொல்லையும் உனக்குக் குறைவு. இங்கே ஈரப்பதம் ஏறாமல் காக்கும் அலமாரி இல்லாமல் கேமரா வைத்திருக்க முடியாது. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி. சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் பறவை பார்க்கப் போகும் நாளில் கேமராவைப் பையிலேயே வைத்து முதலில் வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் விட்டுவைப்போம்.

பழைய புகைப்படக்காரர்கள் எடுத்த படத்தையும் ஒவ்வொரு கூட்டத்திலும் கொஞ்சம் பார்க்கிறோம். இந்த ஊரில் யிப் சியோங் ஃபன் என்று ஒருவர் இருந்தார், 1984இல் கலைஞர்களுக்கு அரசு தரும் கலாசாரப் பதக்கம் வாங்கியவர். சைனாடவுனையும் கடலோரத்தையும் திரும்பத் திரும்ப எடுத்தார். ஒரே இடத்துக்கு ஒருவர் அத்தனை முறை போகலாம் என்று தெரிந்ததே எங்களில் பலருக்கு ஆறுதல். நீயும் உன் ஊரில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடி. வெளிநாட்டுப் பெரிய பெயர்கள் அப்புறம் வரட்டும்.

ஆண்டுக்கு ஒரு கண்காட்சி வையுங்கள். மன்றத்தின் முகப்பில், நூலகச் சுவரில், எங்கேயானாலும் சரி. நாங்கள் ஏப்ரலில் தமிழ் மொழி விழா சமயத்தில் வைக்கிறோம். தேதி நெருங்கினால்தான் நம் ஆட்கள் அச்சகத்துக்குப் போவார்கள், அதற்காகவாவது வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் இடமும் ஆண்டும் கண்டிப்பாக இருக்கட்டும். “மௌனம்”, “தேடல்” என்று தலைப்பு வைப்பதை நான் தடுப்பதில்லை, ஆனால் இடமும் ஆண்டும் இல்லாமல் சுவரில் ஏறாது. இந்த ஊரில் அதன் அருமை எங்களுக்குத் தெரியும். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடிவிட்டது. ரோச்சோர் சென்டர் குடியிருப்பின் வண்ண வண்ண புளோக்குகளை எடுக்காத படக்காரர் கிடையாது, அதையும் இடித்தாயிற்று. அந்தப் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் கலை எல்லாம் பின்னால் போய்விடுகிறது. எந்த ஆண்டு, எந்த மாடி, பக்கத்தில் இருந்த கடை எது என்றுதான் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். நீ இருக்கும் பேட்டையும் இப்படியே இருக்கப் போவதில்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டத்துக்குத் தலைக்கு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்குகிறோம். தேநீர், கறிபஃப், கண்காட்சி அட்டை, எல்லாம் அதில் அடங்கும். கணக்கை மாதாமாதம் எல்லோருக்கும் காட்டிவிடு. ஆனால் குழுவின் பெயரைத் தொழிலுக்குப் பயன்படுத்த விடாதே. எங்களிடம் ஒருவர், நன்றாக எடுப்பவர்தான், குழுவின் பெயரில் கட்டணப் பயிற்சியும் திருமணப் படமும் பிடிக்க ஆரம்பித்தார். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு நாலைந்து பேரோடு போய்விட்டார். வருத்தம்தான். இன்றும் தேக்காவில் பார்த்தால் பேசிக்கொள்கிறோம், ஆனால் மேசைக்கு அவர் வருவதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடு. மாதம் முழுக்கப் படத்தைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்களே காலையில் எழுந்ததும் ரோஜாப்பூ மேல் “இனிய காலை வணக்கம்” என்று எழுதி அனுப்புகிறார்கள். அதுவும் எங்கிருந்தோ வந்த ரோஜா.

டிசம்பரில் நான் அங்கே வரும் வாரத்தில் கூட்டம் விழுமாறு கிழமையை இப்போதே முடிவு செய்து சொல். மூன்று படம் அச்சடித்து எடுத்து வருகிறேன். மேசையில் வைக்கும்போது அவை யாருடையவை என்று உன் நண்பர்களிடம் சொல்லாதே. அம்மா என்று தெரிந்தால் எல்லோரும் “நல்லா இருக்கு ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்புடன்,
அம்மா